தறியின் பாதி தரை

1

மேலகரம் என்றால் நம் வட்டத்தில் எவருக்கும் முதலில் ஞாபகம் வருவது திரிகூடராசப்பக் கவிராயர். குற்றாலக் குறவஞ்சிக்காக மதுரை நாயக்க மன்னர் முத்து விஜயரங்க சொக்கநாதர் அவருக்கு நிலம் கொடுத்தார். அந்த நிலத்துக்குக் குறவஞ்சி மேடு என்று பெயர் வந்தது. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நடந்த காரியம். பாட்டு நின்றது, பாட்டுக்குக் கிடைத்த மண்ணின் பெயரும் நின்றது. கவிராயர் மேலில் கிடந்த துணியை நெய்த தறி எப்படி இருந்தது, அதைச் செய்துகொடுத்த தச்சன் யார் என்று கேட்டால் சொல்வதற்கு நம்மிடம் ஒரு வரி இல்லை.

இந்தக் கேள்வி எனக்குப் படிப்பில் வந்ததில்லை. மேலகரத்தில் வீட்டுத் திண்ணையில் ஒரு சின்னத் தறி செய்து பார்த்தபோது வந்தது. மூன்றடி நீளம் இரண்டடி அகலத்துக்கு நாலு சட்டங்களைச் சேர்த்து அடித்து, குறுக்குச் சட்டங்கள் இரண்டிலும் கால் அங்குலத்துக்கு ஒரு ஆணி இறக்கி, நூலை மேலும் கீழுமாக இழுத்துக் கட்டினால் பாவு ஆயிற்று. ஒரு தட்டைக் குச்சியை ஒன்றுவிட்டு ஒரு இழைக்குக் கீழே நுழைத்துச் செங்குத்தாகத் திருப்பினால் இடைவெளி திறக்கிறது. அதற்குள் ஊடையைச் செலுத்தி, ஒரு மரச்சீப்பால் அடித்து நெருக்கினால் துணி. எந்தப் பிள்ளையும் ஒரு பகலில் கற்றுக்கொள்ளக்கூடியது.

மூன்றாம் நாள் சட்டம் கோணிற்று. நூல் ஒவ்வொன்றும் இழுக்கிற இழுப்பு கொஞ்சம்தான். ஆனால் நூறு இழைகள் சேர்ந்து இழுக்கும்போது ஆணி அடித்த மூட்டு தாங்குவதில்லை. ஓரத்து இழைகள் இறுகி, நடுவில் உள்ளவை தொய்ந்தன. ஆசாரி ஒருவர் வந்து பார்த்து, மூலைக்கு மூலை கட்டை வைத்து நிமிர்த்திக் கொடுத்தார். கட்டில் செய்கிறேன் என்றுதான் முதலில் நினைத்தாராம். நெய்து முடித்தேன். கிடைத்தது சட்டத்தின் அளவுக்கு ஒரு துண்டு. அதற்கு மேல் ஓரங்குலம் நெய்ய முடியாது. பாவு முடிந்த இடத்தில் துணியும் முடிந்துபோகிறது. இழையைப் பிரிப்பதும் கை, நாடாவை ஓட்டுவதும் கை, அடிப்பதும் கை. கால் இரண்டும் சும்மா கிடந்தன.

நான் செய்தது தறிதானா என்ற சந்தேகம் அப்போது வந்தது. நாலு சட்டத்துக்குள் அடங்குகிற பொருள் தறி என்று நான் நினைத்திருந்தேன். நம் ஊர்த் தறி அப்படி இல்லை.

2

குழித்தறியை எடுத்துக்கொள்வோம். வீட்டின் ஒரு பத்தியில், வெளிச்சம் விழுகிற ஜன்னலை ஒட்டி, இரண்டரை மூன்றடி ஆழத்துக்கு ஒரு குழி. நெய்கிறவர் குழியின் விளிம்பில் தரையோடு தரையாக உட்கார்ந்து, காலைக் குழிக்குள் விட்டுக்கொள்கிறார். மிதிகட்டைகள் குழிக்குள் இருக்கின்றன. மடிக்கு முன்னால், தரையில் நட்ட இரண்டு முளைகளின் மேல் படமரம். நெய்த துணி அதில் சுருண்டுகொண்டு போகிறது. பாவு எதிர்ப்புறம் அறையின் நீளத்துக்கு ஓடி, அங்கே நட்ட இன்னொரு முளையில் கயிற்றால் கட்டப்படுகிறது. அந்தக் கயிறு திரும்பி வந்து நெய்கிறவரின் கைக்கு எட்டுகிற இடத்தில் முடிகிறது. துணி வளர வளர எழுந்துபோகாமலே கயிற்றைத் தளர்த்திக்கொள்ளலாம். இழைகளை மேலும் கீழுமாகப் பிரிக்கிற விழுதுகளும், ஊடையை அடித்து நெருக்குகிற அச்சும் அதன் பலகையும் கூரையின் விட்டத்திலிருந்து கயிற்றில் தொங்குகின்றன.

இதில் மரம் எவ்வளவு? நாலைந்து முளை, ஒரு படமரம், ஒரு பலகை, இரண்டு மிதிகட்டை, சில குச்சிகள். எல்லாவற்றையும் கட்டினால் ஒரு ஆள் தலையில் தூக்கிவிடலாம். ஆனால் அதைத் தறி என்று யாரும் சொல்ல மாட்டார்கள். இழுப்பைத் தாங்குவது மண். எடையைத் தாங்குவது கூரை. என் சட்டம் எதற்காகக் கோணிற்றோ அந்த வேலையை இங்கே வீடு செய்கிறது. தறியில் பாதி தரை, மீதியில் பாதி விட்டம்.

குழிக்கு இன்னொரு உபயோகமும் உண்டு. பருத்தி இழைக்கு ஈரம் பலம். வறண்ட காற்றில் பாவு இழை பொட்டுப் பொட்டென்று அறும். தரையை ஒட்டிக் கிடக்கிற பாவுக்குக் குழியின் ஈரமும் மண்தரையின் குளிர்ச்சியும் கிடைக்கின்றன. ஆனியிலும் ஆடியிலும் ஆரியங்காவுப் பக்கமிருந்து சாரல் இறங்குகிற எங்கள் பகுதியில் இந்த விஷயத்தில் இயற்கையே கொஞ்சம் ஒத்தாசை செய்கிறது. ஆனால் அதே சாரல் வேறொரு இடத்தில் கெடுக்கும். நெய்வதற்கு முன்னால் பாவுக்குக் கஞ்சி போட்டு, பாவாற்றியால் நீவி, உலர்த்த வேண்டும். அத்தனை நீளப் பாவை விரிக்க வீட்டுக்குள் இடம் ஏது? விடியற்காலையில் தெருவில்தான் விரிப்பார்கள். நெசவுக்காரர் தெரு நேராகவும் அகலமாகவும் இருப்பதற்குக் காரணம் அழகு உணர்ச்சி மட்டுமில்லை. சாரல் பிடித்துக்கொண்டால் தெரு நின்றுவிடும். தெரு நின்றால் நாலு நாளில் தறியும் நிற்கும்.

ஆக, தறி என்பது குழி, கூரை, தெரு என்று விரிந்துகொண்டே போகிறது. தார் சுற்றுகிற பெண், நூல் பிரிக்கிற கிழவி, அறுந்த இழையைப் பிணைக்கிற பையன் எல்லோரும் அதன் உறுப்புகளே. இது ஒரு பொருளாக இல்லை, ஒரு ஏற்பாடாக இருக்கிறது. இதைப் பிடித்துக்கொண்டால் தறியின் சரித்திரம் ஏன் நமக்குக் கிடைக்கவில்லை என்பது விளங்க ஆரம்பிக்கும்.

3

பொருள்கள் சரித்திரத்தில் மிஞ்சும், ஏற்பாடுகள் கலைந்துபோகும். கொடுமணலிலும் கீழடியிலும் அகழ்ந்தபோது நூல் நூற்ற தக்களியின் வட்டுகள் கிடைத்தன. சுட்ட மண்ணானதால் மிஞ்சின. தறியின் மரமும் கயிறும் மட்கிவிட்டன. குழி இருந்திருந்தால் அது மற்றக் குழிகளைப்போல மண் மூடிக் கிடக்கும். நூற்றதற்குச் சாட்சி இருக்கிறது. நெய்ததை அதிலிருந்து ஊகிக்க வேண்டும்.

இலக்கணக்காரரும் அப்படியே. பவணந்தி நன்னூல் பாயிரத்தில் நூல் என்ற சொல்லுக்கு ஒரு உவமை விரிக்கிறார். சொல் பஞ்சு, செய்யுள் இழை, புலவன் நூற்கும் பெண், வாய் கை, மதி கதிர் என்று பொருத்திக்கொண்டு போகிற உவமை. புலவனைப் பெண்ணாக்கியதை ரசித்திருக்கிறோம். உவமை நூற்பதோடு நின்றுவிடுகிறது என்பதைக் கவனித்தோமா? இழை ஆனது; துணி ஆகவில்லை. பவணந்தியைக் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை. நூற்பது ஒருத்தி தனியே உட்கார்ந்து செய்கிற காரியம். புலவனுக்கு உவமையாக நிற்கும். நெய்வதற்கு ஒரு வீடே வேண்டும். வீட்டை எந்தப் புலவனுக்கு உவமை சொல்வது?

20ஆம் நூற்றாண்டுக்கு வந்தாலும் இதே கதை. 'ஹிந்த் ஸ்வராஜ்' எழுதியபோது கைத்தறியையோ ராட்டையையோ தாம் பார்த்த ஞாபகமே இல்லை என்று காந்தி தம் சுயசரிதையில் ஒப்புக்கொள்கிறார். 1915இல் ஆசிரமம் தொடங்கியபோது முதலில் வந்தது தறிதான். நூல் மில்லிலிருந்து வந்தது. ராட்டை பின்னால் தேடிக் கண்டுபிடிக்கப்பட்டது. ஆனால் கொடியில் ஏறியது ராட்டை. மேடையில் வைத்து நூற்கலாம், ரயிலில் கொண்டுபோகலாம், சிறைக்குள்ளும் கொண்டுபோகலாம். ஜாதி பார்க்காமல் எவர் கையிலும் கொடுக்கலாம். தறியை மேடையில் வைக்க முடியாது. மேடையைத் தோண்ட வேண்டியிருக்கும். செங்குந்தர், சாலியர், சேணியர், பட்டுநூல்காரர், தாழ்த்தப்பட்ட ஜாதி நெசவாளர், முஸ்லிம் நெசவாளர் என்று அவரவர் தெருவுக்குள், அவரவர் வீட்டுக்குள் அது இருந்தது. ஒரு தேசத்துக்கு அடையாளம் வேண்டியிருந்தபோது எளிதில் தூக்கக்கூடியது எடுத்துக்கொள்ளப்பட்டது.

மொழி மட்டும் ஏதோ நினைவில் வைத்திருக்கிறது. தறி என்ற சொல்லுக்கு முளை, நட்ட கம்பம் என்பதும் பொருள். கம்பன் வீட்டுக் கட்டுத்தறியும் கவி பாடும் என்கிறோமே, அந்தக் கட்டுத்தறி மாடு கட்டுகிற முளை. நெசவுக் கருவிக்கும் மாடு கட்டுகிற கம்பத்துக்கும் ஒரே பெயர் ஏன் என்று நான் வெகுநாள் யோசித்ததில்லை. என் சட்டம் கோணிய பிறகு யோசித்தேன். மண்ணில் நட்டது எதுவோ அது தறி. இது என் ஊகம். சொல்லாராய்ச்சிக்காரர்கள் வேறு வழி காட்டினால் கேட்டுக்கொள்கிறேன்.

இவை தவிரத் தறி எழுத்தில் வருகிற இடம் ஒன்று உண்டு. வரி. சோழர் கல்வெட்டுகளில் தறியிறை, பிற்காலத்தில் தறிக்கடமை. கம்பெனி ஆட்சியில் மோதர்பா என்ற தொழில் வரி நெசவாளரின் தறிமீதும் விழுந்தது, தச்சரின் தொழில்மீதும் விழுந்தது. 1852இல் சென்னை நேட்டிவ் அசோசியேஷன் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்கு அனுப்பிய மனுவில் இந்த வரி ஒரு முக்கியமான புகார். தறியைச் செய்தவனையும் அதில் உட்கார்ந்தவனையும் பற்றி எவனும் எழுதவில்லை; இருவரையும் எண்ணியவன் எழுதிவைத்தான். நம் தறியின் சரித்திரம் எண்ணியவர்கள் எழுதிய சரித்திரம்.

4

எண்ணியவர்களுக்குப் பிறகு திருத்த வந்தவர்கள்.

லங்காஷயரைச் சேர்ந்த ஜான் கே 1733இல் பறக்கும் நாடாவுக்குக் காப்புரிமை வாங்கினார். கவிராயர் குறவஞ்சிக்காக நிலம் பெற்றதற்கும் இதற்கும் இடையே ஒரு தலைமுறைகூட இல்லை. அதுவரை நாடாவை ஒரு கையால் எறிந்து மறு கையால் பிடித்தார்கள். கை எட்டுகிற அளவுதான் துணியின் அகலம். கே செய்தது இதுதான்: அச்சுப் பலகையின் இரு முனையிலும் ஒரு பெட்டி; பெட்டிக்குள் நாடாவைத் தட்டிவிட ஒரு தோல் அல்லது மரக் கட்டை; இரண்டு கட்டையையும் இணைத்து நடுவில் ஒரு கயிற்றுப் பிடி. பிடியைச் சுண்டினால் நாடா பலகைமேல் ஓடி மறு பெட்டிக்குள் விழும். ஒரு கை மிச்சமாகிறது. அகலம் கூடுகிறது. வேகம் இரண்டு மடங்காகும் என்று பொதுவாகச் சொல்வார்கள். நயமான நூலானால் அவ்வளவு வராது.

இது நம் நாட்டுக்கு வந்த வழிகள் பல. 1851இல் மங்களூரில் பாஸல் மிஷனைச் சேர்ந்த ஹாலர் இத்தகைய தறிகளை வைத்து நெசவுச்சாலை நடத்தினார். வங்காளத்தில் ஸ்ரீராம்பூர் நெசவாளர்களிடம் இது ஏற்கெனவே பழகியிருந்தது. சென்னைக் கலைத்தொழிற் பள்ளியில் தலைவராக இருந்து கல்கத்தா போன ஹாவெல், ஸ்ரீராம்பூர் மாதிரியை நாடு முழுக்கப் பரப்ப வேண்டும் என்று வாதாடினார். சென்னை மாகாணத்தில் இந்தப் பேச்சு ஆல்பிரட் சாட்டர்டன் பெயரோடு சேர்ந்தது. பொறியியல் ஆசிரியராக வந்தவர். கலைத்தொழிற் பள்ளியில் அலுமினியப் பாத்திரத் தொழிலைத் தொடங்கியவர். நூற்றாண்டின் முதல் வருஷங்களில் பறக்கும் நாடாவைச் சோதித்துப் பார்த்துவிட்டு, சேலத்தில் அரசு நெசவுச்சாலை ஒன்றை நடத்தினார்.

சாட்டர்டனின் தர்க்கம் நேரானது. நல்ல தறி, ஒரே கொட்டகை, கூலி, மேற்பார்வை. நெசவாளர்கள் வரத் தயங்கினார்கள், வந்தவர்கள் நிலைக்கவில்லை. வீட்டில் நெய்தால் மனைவியும் பிள்ளைகளும் கைகொடுப்பார்கள், கொட்டகையில் அது இல்லை என்ற கஷ்டத்தை அவரே உணர்ந்திருந்தார். வியாபாரியிடம் வாங்கிய முன்பணம் வேறு நெசவாளர்களைக் கட்டிப்போட்டிருந்தது. 1910இல் லண்டனில் இந்தியா மந்திரியாக இருந்த மார்லி பிரபு, அரசாங்கம் தொழில் கற்றுக்கொடுக்கலாம், தொழில் நடத்தக் கூடாது என்று முடிவு செய்ததும் சேலத்துக் கதை முடிந்தது.

தோற்றது கொட்டகைதான். பறக்கும் நாடா தோற்கவில்லை. 1942இல் சென்னைப் பல்கலைக்கழகப் பொருளாதாரப் பேராசிரியர் பி. ஜே. தாமஸ் தலைமையிலான கமிட்டி நாட்டில் சுமார் 20 லட்சம் தறிகள் என்று கணக்குச் சொன்னது. நாடு முழுதும் பார்த்தால் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் பறக்கும் நாடாத் தறி. சென்னை மாகாணத்தில் அதுவே பெரும்பான்மை. முப்பது வருஷத்தில் இது எப்படி நடந்தது?

என் பதில் எளிமையானது. பறக்கும் நாடாவுக்காகக் குழியை மூட வேண்டியதில்லை. கூரையை மாற்ற வேண்டியதில்லை. பழைய பலகையைக் கயிற்றிலிருந்து அவிழ்த்துவிட்டுப் பெட்டி வைத்த பலகையை அதே விட்டத்தில் கட்டினால் போதும். அந்தப் பலகையை எந்த ஊர்த் தச்சரும் ஒருமுறை பார்த்து அளவெடுத்தால் செய்துவிடுவார். ஏற்பாட்டுக்குள் நுழையக்கூடிய அளவுக்கு அந்தப் புதுமை சின்னதாக இருந்தது. சாட்டர்டன் தறியை ஒரு இயந்திரமாகப் பார்த்து வீட்டைவிட்டு வெளியே கொண்டுவர முயன்றார். பெயர் தெரியாத தச்சர்கள் இயந்திரத்தின் ஒரு துண்டை வீட்டுக்குள் கொண்டுபோய்த் தொங்கவிட்டார்கள். இன்று நாம் மரபான கைத்தறி என்று காட்டுகிற குழித்தறிகளில் பெரும்பாலானவை இப்படி லங்காஷயர்ப் பலகை தொங்குகிற தறிகள். மரபு, நவீனம் என்று இரண்டு கட்சி கட்டிச் சண்டை போடுகிற நமக்கு இது கொஞ்சம் சங்கடம் தரலாம்.

5

இந்த இடத்தில் ஏற்பாட்டைப் புகழ்ந்துவிட்டுப் போய்விடுவது சுலபம். அப்படிச் செய்தால் பொய்யாகிவிடும்.

வேகம் கூடியபோது நெய்கிறவரின் ஒரு கை மிச்சமாயிற்று. தார் சுற்றுகிறவளுக்கு எது மிச்சமாயிற்று? நாடா இரண்டு மடங்கு வேகமாக ஓடினால் தாரும் இரண்டு மடங்கு வேண்டும். விலை விழுந்த 1930களில் முன்பு கிடைத்த காசுக்கே அதிகத் துணி நெய்ய வேண்டியிருந்தது. அந்த அதிகத்தின் பாதிச் சுமை கூலி எழுதப்படாத கைகளில் விழுந்தது. எந்த வீடு சாட்டர்டனின் கொட்டகையைத் தோற்கடித்ததோ, அதே வீடு பெண்ணின் உழைப்பைக் கணக்கில் வராமல் மறைத்தது. வீட்டுத்தறி சுதந்திரம் என்று எழுதுகிறவர்கள் இந்த இரண்டையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 2019-20 கைத்தறிக் கணக்கெடுப்பு நாட்டில் 35.22 லட்சம் கைத்தறித் தொழிலாளர் என்கிறது. பத்து வருஷத்துக்கு முன் 43.31 லட்சம். இதில் 72 சதவீதத்துக்கு மேல் பெண்கள். இப்போது எண்ணப்படுகிறார்கள். இதற்கு முந்தைய காலத்தைக் கணக்குகளைப் புரட்டி அறிய முடியாது.

ஏற்பாட்டுக்கு வேறொரு பலவீனமும் உண்டு. தென்காசிக்கு வடக்கே கடையநல்லூர். அங்குள்ள முஸ்லிம்களில் பெரும்பகுதி நெசவுத் தொழிலில் இருந்தவர்கள். தொழில் நலிந்தபோது அங்கிருந்தும் தென்காசியிலிருந்தும் மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் போனார்கள். சிங்கப்பூரில் 1941இல் கடையநல்லூர் முஸ்லிம் லீக் உருவாயிற்று. 1946இல் அவர்கள் முயற்சியில் உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளி வந்தது. ஊர்ப் பெயரைக் கொண்டுபோனார்கள், மொழியைக் கொண்டுபோனார்கள், புலவன் பெயரைக் கொண்டுபோனார்கள். தையல்காரன் கத்தரியோடு கப்பலேறலாம், தச்சன் உளியோடு ஏறலாம். நெசவாளி குழியைக் கொண்டுபோக முடியாது. தெருவை விட்டவன் தொழிலையும் விட்டவனாகிறான்.

எங்கள் ஜில்லாவிலேயே எதிர்த் திசையில் ஒரு முயற்சி நடந்தது. 1949 வாக்கில் திருநெல்வேலி ஜில்லாவைச் சேர்ந்த ஏகாம்பரநாதன் மில்லில் உள்ள ரிங் நூற்பு முறையைக் கைராட்டைக்குள் கொண்டுவந்து இரண்டு கதிர் ராட்டை ஒன்றைச் செய்தார். அவர் பெயரின் நடுவிலிருந்து எடுத்துத்தான் அம்பர் சர்க்கா என்ற பெயர். பின்னால் நான்கு கதிராக வளர்ந்தது. 1955இல் கார்வே கமிட்டி அதை ஆதரித்தது. இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்தில் அது பெரிய நம்பிக்கை. தனி மனிதன் யோசித்துச் செய்த ஒன்று டில்லியின் திட்டமாகிவிட்ட அபூர்வ உதாரணம். இதிலும் பெயர் நின்றது, நூற்பவனின் பெயர். ஆனால் பஞ்சை இழுத்து மெலிதாக்குகிற வரியோடிய உருளைகளும் வளையமும் நம்மூர்த் தச்சர் உளியால் செதுக்கக்கூடியவை அல்ல. பட்டறையிலிருந்து வர வேண்டும். பழுதானால் பட்டறைக்குப் போக வேண்டும். பெட்டி வைத்த பலகை தானாகப் பரவியது. அம்பர் ராட்டையைப் பரப்ப ஸ்தாபனம் வேண்டியிருந்தது. ஏகாம்பரநாதனின் மூளையை இதனால் குறைத்துச் சொல்லவில்லை. ஒரு புதுமை எந்தக் கையால் மறுபடி செய்யப்படக்கூடியது என்பதே அதன் ஆயுளைத் தீர்மானிக்கிறது என்கிறேன்.

6

தறியைப் பற்றிய அரசியல் பேச்சு பெரும்பாலும் துணியைப் பற்றிய பேச்சாகவே இருந்தது. 1950களின் தொடக்கத்தில் நெசவாளர் பட்டினி கிடந்தபோது, வேட்டியும் புடவையும் கைத்தறிக்கே ஒதுக்கப்பட வேண்டும் என்று முதன்மந்திரி ராஜாஜி மத்திய அரசிடம் கேட்டார். 1953இல் அண்ணாதுரையும் அவர் கட்சியினரும் கைத்தறித் துணியைத் தோளில் போட்டுத் தெருவில் விற்றார்கள். இரண்டும் நல்ல காரியங்கள். துணி தோளில் ஏறும். தறி ஏறாது என்பது திரும்பவும் ஞாபகத்துக்கு வருகிறது.

1985இல் பாராளுமன்றம் கைத்தறிக்குச் சில வகைத் துணிகளை ஒதுக்கிச் சட்டம் செய்தது. தொடக்கத்தில் 22 வகைகள். பின்னால் 11 ஆயிற்று. அந்தச் சட்டம் கைத்தறி என்றால் என்ன என்று சொல்ல வேண்டியிருந்தது. அது சொன்னது: விசைத்தறி அல்லாத எந்தத் தறியும் கைத்தறி. ஆயிரம் வருஷம் தறியை எண்ணி வந்த அரசாங்கத்துக்குக் கடைசியில் அது என்னவென்று சொல்லும் வார்த்தை கிடைக்கவில்லை. என்னவாக இல்லை என்று சொல்லி முடித்துக்கொண்டது. புதுக்கவிதை என்றால் யாப்பில் அமையாதது என்று சொல்லித் திருப்திப்பட்டவர்களை நாம் அறிவோம். அந்த வரையறைக்குள் எதுவும் நுழையலாம் என்பதையும் அறிவோம். இங்கும் நுழையப் பார்த்தது. 2012இல் திட்டக் கமிஷனின் ஒரு குழு, நெசவில் ஒரு கட்டமாவது மனிதக் கையாலோ பலத்தாலோ நடந்தால் அதையும் கைத்தறி என்று சேர்த்துக்கொள்ளலாம் என்றது. நெசவாளர் பக்கம் எதிர்ப்பு எழுந்தது, அது சட்டமாகவில்லை. ஆனால் எதிர்த்தவர்கள் கையிலும் உடன்பாடாகச் சொல்ல ஒரு வரையறை இல்லை.

எனக்குத் தெரிந்தவரை உடன்பாடாகச் சொல்ல வேண்டுமானால் இப்படிச் சொல்வேன்: அறிந்த தச்சர் ஒருவர் அக்கம்பக்கத்து மரத்தில் செய்துவிடக்கூடியது, நெய்கிறவரின் உடம்பு அளவுக்கு ஏற்பத் தோண்டவும் கட்டவும்படுவது, பழுதானால் அதே தெருவில் சரியாவது. சட்டத்தில் இது நிற்காது என்று வக்கீல்கள் சொல்வார்கள். நிற்காமல் போகட்டும். இதில் தச்சருக்கு ஒரு இடம் இருக்கிறது. தறியிறையிலும் 1942 கணக்கிலும் 1985 சட்டத்திலும் அவருக்கு அது இல்லை.

எங்கள் பக்கத்தில் வீடுகளை இடித்துக் கட்டுகிறார்கள். சிமெண்டுத் தளம் போடுகிறார்கள், மேலே கான்கிரீட் கூரை வருகிறது. தறி இருந்த வீடானால் குழியில் மண் நிரப்பி, இடித்துத் திம்மென்று சமப்படுத்திவிட்டு மேலே ஓடு பதிக்கிறார்கள். பழைய படமரம் அடுப்புக்கோ பந்தலுக்கோ போகிறது. நாசமானது என்று காட்ட எதுவும் மிஞ்சுவதில்லை. பார்த்தால் நல்ல தரை. வெறும் வரியும் கணக்கும் எழுதியவர்கள் மறுபடி வந்து, இந்தத் தெருவில் தறி இத்தனை குறைந்தது என்று எழுதிக்கொண்டு போவார்கள். குழி எவ்வளவு ஆழம், முளை எந்த மரம், கயிறு எங்கே திரும்பிற்று, பலகையை யார் செய்தார் என்று இப்போது கேட்டு எழுதிவைத்தால்தான் உண்டு. சொல்லக்கூடியவர்கள் கிழவர்கள். நம் பத்திரிகைகள் ஒரு பக்கம் கொடுத்தால் கவிதைக்கு ஒன்றும் நஷ்டம் வந்துவிடாது.

என் சட்டத்தை நான் கழற்றவில்லை. திண்ணைச் சுவரில் ஒரு ஆணி அடித்து மாட்டிவைத்திருக்கிறேன். ஆசாரி வைத்த மூலைக்கட்டை இன்னும் உறுதியாக இருக்கிறது. வருகிறவர்கள் தறியா என்று கேட்கிறார்கள். சுவரில் மாட்ட முடிகிறதே, எப்படித் தறி ஆகும் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்.